இல்லமா? வீடா?

எங்கள் ஊர் திருமுக்கூடலின் பெருமாள் கோவில் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவசாலையையும் மாணவர்க்கு உணவளித்ததையும் 11-ஆம் நூற்றாண்டிலேயே பேசுகிறது. பெருமைதான்! ஆனால் தகப்பனை இழந்த பிள்ளைக்கு இன்று நாம் காட்டும் வழி என்ன? "எங்காவது இல்லத்தில் சேர்த்துவிடு."

எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. "இருக்கிற கூழை ஆளுக்குக் கொஞ்சம் குடிப்போம்" என்று பெரியம்மா என்னையும் தங்கையையும் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். தொண்டு நிறுவனத்து அக்கா ஒருவர் பணம் ஏதும் தரவில்லை. அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்கும் அம்மாவின் விதவை உதவித்தொகைக்கும் உத்திரமேரூருக்கு உடன் நடந்தார். அதனால்தான் இன்று நான் கல்லூரியில் இருக்கிறேன்.

குடித்துவிட்டு அடிக்கும் வீடுகளும் உண்டு. அங்கிருந்து பிள்ளையை மீட்கத்தான் வேண்டும். வறுமைக்காக மட்டும் பிரிக்கலாமா? 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே இல்லத்தைக் கடைசி வழி என்கிறது. வளர்ப்புப் பராமரிப்புக்கு 'மிஷன் வாத்சல்யா'வில் மாதம் 4,000 ரூபாய். 2025-இல் தமிழக அரசு தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் 2,000 ரூபாய். கைநாட்டு வைக்கும் தாய்க்கு மனு எழுதத்தான் ஆளில்லை.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் தெருவைப் பெருக்குகிறோம். நண்பர்களே, இவ்வாண்டு ஒருநாள் அந்த மனுக்களை எழுதுவோமா?

– இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வேதியியல்