‘செக் முடிந்தது’... சரி, நடுவர்களை யார் செக் பண்றது?

பிரீமியர் லீக் பார்ப்பவர்களுக்கு வாரம் தவறாமல் ஒரு வி.ஏ.ஆர் சண்டை உண்டு. கோடு சரியாகப் போட்டார்களா, பந்து கையில் பட்டதா என்று விடிய விடிய பேசுகிறோம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நடுவர் தப்பு செய்தால் அதை விசாரிப்பது யார்? இங்கிலாந்தில் பெரும்பாலும் அவரை வேலைக்கு அனுப்பிய அமைப்பேதான். பிரச்னையே அங்கேதான் இருக்கிறது.

அன்று நடந்தது என்ன?

2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் - லிவர்பூல் ஆட்டம். 34-வது நிமிடத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் அடிக்கிறார். துணை நடுவர் ஆஃப்சைடு கொடி காட்டுகிறார். மேற்கு லண்டனில் உள்ள ஸ்டாக்லி பார்க் அறையில் வீடியோ நடுவர் டேரன் இங்கிலாந்து சரிபார்க்கிறார். டியாஸ் ஆஃப்சைடில் இல்லை என்பதை அவர் சரியாகவே கண்டுபிடித்தார்.

தப்பு அதற்கு அடுத்த நொடியில் நடந்தது. மைதானத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ‘செக் முடிந்தது’ என்று சொல்லிவிட்டார். மைதான நடுவரோ ஆஃப்சைடு உறுதியாகிவிட்டது என்று புரிந்துகொண்டு ஆட்டத்தைத் தொடங்கினார். சில நொடிகளில் ரீப்ளே ஆபரேட்டர் தப்பைச் சுட்டிக்காட்டினார். ஆனால் ஆட்டம் மீண்டும் தொடங்கிய பிறகு, சில விதிவிலக்குகள் தவிர, பழைய முடிவை மாற்ற விதியில் இடமில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

கவனியுங்கள், தொழில்நுட்பம் இதில் தோற்கவில்லை. பிரீமியர் லீக்கில் 2025 ஏப்ரலில் வந்த பாதி தானியங்கி ஆஃப்சைடு முறை அன்றே இருந்திருந்தாலும், இரண்டு பேர் பேசிக்கொள்வதில் வந்த இந்தக் குழப்பத்தைத் தடுத்திருக்காது.

யார் இந்த பி.ஜி.எம்.ஓ.எல்?

இங்கிலாந்தின் தொழில்முறை நடுவர்களை நிர்வகிக்கும் நிறுவனம் இது. 2001-ல் தொடங்கப்பட்டது. பிரீமியர் லீக், இ.எஃப்.எல், இங்கிலாந்து கால்பந்து சங்கம் மூன்றும் சேர்ந்து பணம் தருகின்றன. எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர், தப்பு செய்தவருக்கு எத்தனை வாரம் ஓய்வு, மன்னிப்பு அறிக்கையில் என்ன எழுதுவது எல்லாம் இங்கேதான் முடிவாகின்றன.

டியாஸ் விவகாரத்தில் அன்றைக்கே தப்பை ஒப்புக்கொண்டார்கள். 3 நாள் கழித்து ஆடியோவையும் வெளியிட்டார்கள். அதைப் பாராட்டணும். ஆனால் அந்த வீடியோ நடுவரும் அவருடைய உதவியாளரும் 2 நாள் முன்புதான் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு லீக் போட்டியில் பணியாற்றிவிட்டு வந்திருந்தார்கள். அந்தப் பயணத்துக்கும் இந்தத் தப்புக்கும் சம்பந்தம் இருக்கா, இல்லையா? அதைச் சொல்ல வேண்டியது வெளி ஆள். இங்கே பயணத்துக்கு அனுமதி கொடுத்ததும், தப்பை ஆராய்ந்ததும் ஒரே நிறுவனம்.

நம்மூரில் பிளஸ் 2 மாணவர் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தால், முதலில் திருத்திய ஆசிரியரிடமே விடைத்தாள் திரும்பிப் போனால் ஒத்துக்கொள்வோமா?

குழு ஒண்ணு இருக்கே?

இருக்கிறது. முக்கியச் சம்பவங்களை ஆராய 2022-23 சீசனில் 5 பேர் குழு வந்தது. மூன்று பேர் முன்னாள் வீரர்கள் அல்லது பயிற்சியாளர்கள், ஒருவர் பிரீமியர் லீக் பிரதிநிதி, இன்னொருவர் பி.ஜி.எம்.ஓ.எல் பிரதிநிதி. நல்ல தொடக்கம்தான். ஆனால் விசாரிக்கப்படும் அமைப்புக்கே அதில் ஒரு நாற்காலி எதற்கு?

நடுவர்களின் ஆடியோவை விளக்கும் டிவி நிகழ்ச்சியும் வருகிறது. பி.ஜி.எம்.ஓ.எல் தலைவர் ஹோவர்ட் வெப் அதில் வந்து பேசுகிறார். எல்லா ஆடியோவும் அதில் வராது, தேர்ந்தெடுத்த சில சம்பவங்கள் மட்டும்தான். கிரிக்கெட்டில் மூன்றாவது அம்பயர் பேசுவதை நேரலையில் கேட்டுப் பழகிய நமக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் தெரியும்.

நம்பிக்கை போனால் என்ன ஆகும்?

2024 ஏப்ரலில் எவர்டனிடம் தோற்ற நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், ‘வி.ஏ.ஆர் நடுவர் லூட்டன் ரசிகர் என்று முன்கூட்டியே எச்சரித்தோம்’ என்ற பொருளில் எக்ஸ் தளத்தில் பதிவு போட்டது. அப்போது இரண்டு அணிகளுமே லீக்கில் தப்பிப் பிழைக்கப் போராடிக்கொண்டிருந்தன. ஃபாரஸ்ட்டுக்கு 7.5 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. தண்டனை சரிதான். ஆனால் கிளப்பே இப்படிப் பேசினால், ரசிகர் என்ன பேசுவார்? கடைசியில் வசவு வாங்குவது நடுவர்தான்.

அதற்காக வி.ஏ.ஆரையே தூக்கிவிட முடியுமா? 2024 ஜூனில் வுல்வ்ஸ் அதைத்தான் கேட்டது. வாக்கெடுப்பில் 19-1 என்று தோற்றது. ஆக, வி.ஏ.ஆர் இருக்கத்தான் போகிறது.

என்ன செய்யலாம்?

ஒன்று, லீக்கும் பி.ஜி.எம்.ஓ.எல்லும் நியமிக்காத தனிக் குழு தப்புகளை விசாரிக்க வேண்டும். இரண்டு, வி.ஏ.ஆர் தலையிட்ட ஒவ்வொரு சம்பவத்தின் ஆடியோவும் குறிப்பிட்ட நாளுக்குள் வெளியாக வேண்டும். மூன்று, நடுவர்களின் வெளிநாட்டு வேலை விவரங்கள் பொதுவில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்காத கதை இல்லை. 2025 ஜனவரியில் லீக் கோப்பை அரையிறுதியில் நடுவர் மைக் பிடித்து, வி.ஏ.ஆர் முடிவை மைதானத்துக்கே அறிவித்தார். அதுவும் அதே டாட்டன்ஹாம் - லிவர்பூல் ஆட்டம், அதே மைதானம். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. முடிவைச் சொல்ல மைக் கொடுத்தாயிற்று. அந்த முடிவு தப்பாகும்போது விசாரிக்கும் வேலையையும் வெளி ஆளிடம் கொடுங்கள்.