கரம்பை நம் உரிமை! ஆத்து மணல் யாருக்கும் விலைக்கு இல்லை!

தலையங்கம்

 

பிசான அறுப்பு முடிந்து குளம் வற்றினால் நம்ம ஊர்களில் இரண்டு வேலை நடக்கும். கரம்பை அடித்து வயலில் போடுவது ஒன்று. கையில் நிற்கிற நாலு காசை வைத்து தொழுவமோ, களமோ, வீட்டுக்கு ஒரு சுவரோ கட்ட மணலும் ஜல்லியும் இறக்குவது இன்னொன்று. இரண்டிலும் ஏமாறுகிறவன் சிறு விவசாயி. இரண்டிலும் கொழுக்கிறவன் புரோக்கர். இதை எத்தனை வருசம் பார்த்துக்கொண்டு இருப்பது?

முதலில் கரம்பை. குளத்து வண்டலை விவசாயி தன் நிலத்துக்கு இலவசமாக எடுக்கலாம் என்பது அரசு போட்ட சட்டம், யாரும் போடுகிற பிச்சை அல்ல. 2017-ல் வந்த விதிப்படி ஏக்கருக்கு நஞ்சை என்றால் 75 கன மீட்டர், புஞ்சை என்றால் 90 கன மீட்டர். டிராக்டர் கணக்கில் 25 லோடு, 30 லோடு. முன்பு இதற்குக் கலெக்டர் ஆபீஸ் வரை நடக்க வேண்டும். 2024-ல் இருந்து தாலுகா ஆபீசில் வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. இது தெரியாமல் இன்னமும் புரோக்கரிடம் லோடுக்கு இவ்வளவு என்று துட்டு கொடுத்துக் கரம்பை வாங்குகிற அண்ணாச்சிமார் நம்ம மத்தியில் இருக்காவ!

75 கன மீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பிப் பாருங்கள். முக்கால் அங்குலம்கூட முழுசாக வராது. அந்த அளவு மண் எடுப்பதால் எந்தக் குளமும் அழியாது. மேலே படிந்த வண்டல் போனால் குளம் கூடுதலாகத் தண்ணீர் பிடிக்கும், வயலும் தெளியும். நம் பாட்டன், பூட்டன் காலத்தில் இருந்து நடக்கிற காரியம் இது.

அப்படியானால் குளத்துக்குள்ளே பத்தடி, பதினைந்தடிப் பள்ளம் எப்படி விழுந்தது? கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். சிட்டா நம்முடையது, அடங்கல் நம்முடையது, கையெழுத்தும் நம்முடையது. ஆனால் மண் போவது செங்கல் சூளைக்கும், பிளாட் போடுகிற இடத்துக்கும்! ஐநூறு, ஆயிரத்துக்கு நம்ம பேப்பரை வாங்கிக்கொண்டு, வண்டலோடு நிற்காமல் அடியில் கிடக்கிற சரளையும் சேர்த்து ஜேசிபி வாருகிறது. கரையை ஒட்டியும், மடைக்குப் பக்கத்திலும் தோண்டுகிறான். 2023 டிசம்பர் 17, 18 மழையில் உடைந்த குளக்கரைகளை அதற்குள் மறந்துவிட்டோமா? சிட்டாவை வாடகைக்கு விடுகிறவன் தன் மடையைத் தானே அடைக்கிறான்.

அடுத்தது ஆத்து மணல். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேர்கிற வரை எட்டு அணைக்கட்டு வைத்து நமக்குச் சோறு போடுகிற ஆறு இது. மணல் என்பது ஆற்றின் தண்ணீர்த் தொட்டி. அதை வாரிவிட்டால் ஆற்றுப்படுகை இறங்கும், கால்வாய்த் தலை மேடாகும், கரையோரக் கிணறும் உறை கிணறும் வற்றும், கடலோரத்தில் உப்புத்தண்ணீர் ஏறும். இதனால்தான் தோழர் நல்லகண்ணு வழக்குப் போட்டு, கோர்ட்டில் தானே நின்று வாதாடினார். 2010-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் 5 ஆண்டுக்கு மணல் அள்ளத் தடை போட்டது. ஆனால் திருட்டு நின்றதா? 2023 ஏப்ரல் 25 அன்று, மணல் கடத்தலைத் தட்டிக்கேட்ட முறப்பநாடு விஏஓ லூர்து பிரான்சிஸை அவர் ஆபீசுக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். கொலைகாரர்கள் இரண்டு பேருக்கு அதே வருசம் ஆயுள் தண்டனை கிடைத்தது. ராத்திரி இரண்டு மணிக்கு "நல்ல ஆத்து மணல், விலை கம்மி" என்று வருகிற லோடு அந்த ரத்தத்தின் மேல்தான் வருகிறது. அதை இறக்காதீர்கள்!

சரி, கட்டுமானத்துக்கு என்ன செய்வது? எம்-சாண்ட், ஜல்லி, சரள் வாங்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள்.

ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரி வந்ததும் டேப்பைப் பிடித்து, பெட்டியின் உள் நீளம், அகலம், சரக்கு நிற்கிற உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி நூறால் வகுங்கள். 14 அடி நீளம், 7 அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்றால் 245 கன அடி, அதாவது இரண்டரை யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அதை மூணு யூனிட் என்று தலையில் கட்டுகிறான்! ஈர மணல் உப்பி நிற்கும், காய்ந்தால் அமுங்கும். அதையும் கணக்கில் வையுங்கள்.

கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் ஊற்றி, குலுக்கி வைத்துப் பாருங்கள். மேலே தடிமனாகச் சகதி படிந்தால் அது கழுவாத டஸ்ட். காங்கிரீட்டுக்கு ஆகாது, திருப்பி அனுப்புங்கள். பூச்சுக்கு பி-சாண்ட் தனியாகக் கேளுங்கள். கரம்பையானாலும் ஒரு கைப்பிடி எடுத்து மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். உவர் ஏறிய வண்டலைப் போட்டால் நல்ல வயலும் கெட்டுப்போகும். நடைச்சீட்டு இல்லாத லாரியில் இருந்து ஒரு சட்டிகூட இறக்காதீர்கள்.

ஜல்லி எங்கிருந்து வருகிறது என்றும் யோசியுங்கள். 2022 மே 14 ராத்திரி அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நாலு பேர் செத்தார்கள். அவர்களும் நம்மைப் போல உழைத்துச் சாப்பிட்டவர்கள்தானே!

ஆகவே நாம் கேட்கிறோம்:

1. கார் சாகுபடிக்கு முன்னாலேயே, வண்டல் எடுக்கக்கூடிய குளங்களின் பட்டியலை ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒட்டு!

2. யார் பெயரில், எத்தனை லோடு, எந்த சர்வே நம்பருக்குப் போகிறது என்று குளக்கரையில் போர்டு வை!

3. கரை, மடை, கலிங்கு ஓரத்தில் தோண்டுகிற எந்திரத்தைப் பறிமுதல் செய்!

4. லாரிப் பெட்டியின் அளவை யூனிட் கணக்கில் வெளியே எழுத வை!

5. கல்குவாரிகளின் ஆழத்தையும் எல்லையையும் ஊர் மக்கள் முன்னிலையில் அள!

விவசாயிகளே! மனு எழுதத் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம், சங்கத் தோழர்கள் எழுதித் தருவார்கள். சிட்டா, ஆதார் நகலோடு தாலுகா ஆபீசுக்கு ஊர் ஊராகத் திரண்டு வாருங்கள். ஒருத்தனாகப் போனால் "நாளைக்கு வாரும்" என்பான். நூறு பேராகப் போனால் நாற்காலி போடுவான்!

குளம் காப்போம்! ஆறு காப்போம்! அணி திரள்வோம்!