'மேக்கிங் வேற லெவல்' என்பவர்களுக்கு: கன்ட்ரி இசைக் காணொளிகளை முன்வைத்து

"அரசியல் தப்புதான் தோழர், ஆனா மேக்கிங் வேற லெவல்." எந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் நம் ஆட்களே சொல்லும் இந்த வாக்கியத்தின் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. கருத்துக்கு ஒரு பேப்பர், கலைக்கு ஒரு பேப்பர் என்று பிரித்துத் திருத்துகிறார்கள். கருத்தில் பெயிலாக்கிவிட்டு, கலையில் நூற்றுக்கு நூறு போட்டு அனுப்புகிறார்கள். ஆதிக்கவாதிக்கு அந்த நூறு போதும். அதைச் சட்டகம் போட்டு மாட்டிக்கொள்வான்.

நம் படங்களை வைத்து இதைப் பேசினால் உடனே ரசிகர் சண்டையாகிவிடும். அதனால் கொஞ்சம் தூரம் போவோம். அமெரிக்காவின் கன்ட்ரி இசைக் காணொளிகளை எடுத்துக்கொள்கிறேன். அங்கே நமக்குப் பிடித்த நடிகரும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் கிராமப்புறங்களில் பிறந்த இசை அது. கிதார், ஃபிடில், பான்ஜோ. அதன் தலைநகரம் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில். கடந்த பதினைந்து ஆண்டுகளில் நாஷ்வில்லில் தயாரான பெரும்பாலான காணொளிகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மண் சாலை, பிக்கப் டிரக், சாயங்கால வெயில், கையில் பீர், தலையில் தொப்பி, டிரக்கின் பின்பலகையில் அரைக்கால் டவுசரோடு ஒரு பெண். மேலே ஒரு ட்ரோன். ஜோடி ரோசன் என்ற விமர்சகர் 2013இல் இந்த வகைக்கு 'ப்ரோ-கன்ட்ரி' என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே மேடி அண்ட் டே என்ற இரு இளம்பெண்கள், 'கேர்ள் இன் எ கன்ட்ரி சாங்' காணொளியில் அந்த அரைக்கால் டவுசரை ஆண்களுக்கு மாட்டி ஆடவிட்டார்கள். பத்துக் கட்டுரை செய்ய முடியாததை ஒரு டவுசர் செய்தது.

இந்தச் சலிப்பான காணொளிகளை விட்டுவிடுவோம். 'மேக்கிங்' என்று பாராட்டப்படும் தரத்தில் எடுக்கப்பட்ட ஒன்றைப் பார்ப்போம். 2023 ஜூலையில் ஜேசன் ஆல்டீன் வெளியிட்ட 'ட்ரை தட் இன் எ ஸ்மால் டவுன்'. நகரத்தில் நடக்கும் அட்டூழியங்களை எங்கள் சின்ன ஊரில் செய்து பார், எவ்வளவு தூரம் தப்பிக்கிறாய் என்று பார்ப்போம் என்பதுதான் பாட்டின் சாரம். தாத்தா கொடுத்த துப்பாக்கியும் வரிகளில் உண்டு. இரவு. வெள்ளைத் தூண்கள் வைத்த பழைய நீதிமன்றக் கட்டடம். நடுவில் தொங்கும் அமெரிக்கக் கொடி. முன்னால் பாடகரும் குழுவும். போராட்டங்கள், தீ, கொள்ளை என்று செய்திக் காட்சிகள் இடையிடையே வெட்டி வருகின்றன. ஒளியமைப்பு துல்லியம். படத்தொகுப்பு விறுவிறுப்பு. மேக்கிங்தான், சந்தேகமே இல்லை.

அந்தக் கட்டடம் டென்னசியின் கொலம்பியா என்ற ஊரில் இருக்கிறது. 1927 நவம்பரில் ஹென்றி சோட் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரை, ஒரு வெள்ளைப் பெண்ணைத் தாக்கினார் என்ற குற்றச்சாட்டின் பேரில், விசாரணை எதுவும் இல்லாமல், சிறையிலிருந்து இழுத்துவந்து ஒரு கும்பல் தூக்கில் தொங்கவிட்டது இந்த நீதிமன்றத்தில்தான். 1946இல் இதே ஊரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிக்குள் காவல்துறை புகுந்து சூறையாடியது. கைதானவர்களுக்காக வாதாட வந்த வழக்கறிஞர் தர்குட் மார்ஷலையே வழியில் காரை மறித்து, ஆற்றங்கரைப் பக்கம் கொண்டுபோகப் பார்த்தார்கள். சக வழக்கறிஞர்கள் விடாமல் பின்தொடர்ந்ததால் பிழைத்தார். 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவர் அவர்தான்.

கன்ட்ரி இசைக்கென்றே இருக்கும் சிஎம்டி தொலைக்காட்சி சில நாட்களில் காணொளியை நிறுத்திவிட்டது. உடனே பாதுகாப்புப் படை இறங்கியது. அது பலரும் படம் எடுக்கும் இடம், உள்நோக்கம் இல்லை என்றது தயாரிப்புத் தரப்பு. பாட்டில் இனத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்றார் ஆல்டீன். 'எங்க பாட்டுல எந்தச் சாதிப் பேரும் இல்லையே' என்பதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! சரி, உள்நோக்கம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். என் வாதத்துக்கு அது இன்னும் வசதி. ஒரு கட்டடத்தின் தூண்களை மட்டும் பார்த்து, அதில் யார் தொங்கினார் என்று கேட்காத கேமராவை எப்படி நல்ல கேமரா என்பது? அது லொகேஷன் பார்க்கும் வேலை. பார்த்தல்தான் காட்சிக் கலையின் முதல் வேலை என்றால், இந்தக் காணொளி அந்த முதல் வேலையிலேயே தோற்றிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஊரைப் புகழும் இந்தப் பாட்டில் ஊர் எங்கே? பாடகர் பிறந்தது மேக்கன் நகரில். அங்கே ஒன்றரை லட்சம் பேர் வாழ்கிறார்கள். பாட்டை எழுதியது அவர் அல்ல, வேறு நால்வர். செய்திக் காட்சிகளில் சில அமெரிக்காவில் எடுக்கப்பட்டவையே அல்ல, கனடாவில் நடந்தவை. கொலம்பியாவின் பெயர் பாட்டில் வரவே இல்லை. அந்த ஊரின் கட்டடம் மட்டும் முகப்பாக நிற்கிறது. ஊர்ப்பெருமை பேசுகிற ஒரு படைப்பில் ஊர் என்பது வெறும் செட்.

'ஊர்' என்ற சொல் நமக்குப் புரிகிற மாதிரி அமெரிக்கருக்குப் புரியுமா என்று தெரியவில்லை. நம் மொழியில் ஊர் என்று சொன்னாலே பக்கத்தில் சேரி என்று இன்னொன்று உண்டு. ஊர்க்கட்டுப்பாடு, ஊர்க்கூட்டம், ஊர்ப்பொது என்கிறபோது அந்த 'ஊரு'க்குள் யார் இருந்தார்கள், யார் வெளியே நிற்கவைக்கப்பட்டார்கள் என்று நாம் கேட்டுப் பழகியவர்கள். 'எங்க ஊருல வந்து செஞ்சு பாரு' என்பது யாரைப் பார்த்துச் சொல்லப்படும் சொல் என்பதற்கு நமக்கு உரையாசிரியர் வேண்டாம்.

இப்போது அந்த 1927ஐ இன்னொரு முறை பார்ப்போம். கன்ட்ரி இசை வரலாற்றில் அது புனித ஆண்டு. ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் டென்னசியின் பிரிஸ்டலில் ரால்ஃப் பியர் என்பவர் இசைத்தட்டு ஒலிப்பதிவு நடத்தினார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ரோட்ஜர்ஸும் உலகுக்குக் கிடைத்தது அங்கேதான். நவம்பரில் கொலம்பியாவில் ஹென்றி சோட் கொல்லப்பட்டார். டிசம்பரில் நாஷ்வில் வானொலியில் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர் ரயில் ஓடுவது போல ஹார்மோனிகா வாசித்தார். அந்த இரவில்தான் நிகழ்ச்சி நடத்துநர் அதற்கு 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று பெயர் சூட்டினார். கன்ட்ரி இசையின் மிகப் பெரிய மேடைக்குப் பெயர் கிடைத்தது ஒரு கறுப்பின மனிதரின் வாசிப்பை ஒட்டி. ஒரே மாநிலம், ஒரே ஆண்டு, ஆறு மாதத்துக்குள் மூன்றும். பெய்லியை 1941இல் அந்த மேடையிலிருந்து வெளியேற்றினார்கள். அதற்குப்பின் நாஷ்வில்லில் ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். 1982இல் இறந்தார். கன்ட்ரி இசையின் புகழரங்கில் அவர் பெயரைச் சேர்க்க 2005 ஆனது.

அதே இசைத்தட்டு வணிகம்தான் 1920களில் தெற்கின் இசையை இரண்டாகக் கூறு போட்டது. கறுப்பர் பாடினால் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', வெள்ளையர் பாடினால் 'ஹில்பில்லி'. வாசித்தவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள். பட்டியல் போட்டவன் பிரித்தான். பான்ஜோவே ஆப்பிரிக்க அடிமைகளோடு கடல் கடந்து வந்த கருவி மரபு. கார்ட்டர் குடும்பத்துக்காகப் பாட்டுத் தேடி அலைந்த, ஒரு காலை இழந்த கறுப்பினக் கலைஞர் லெஸ்லி ரிடிலுக்குத் தட்டுகளில் பெயர் இல்லை. சதிர் பரதநாட்டியமான கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இந்தப் பிரிவினை பழங்கதையும் அல்ல. 2019இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் 'ஓல்ட் டவுன் ரோட்' கன்ட்ரி பட்டியலில் ஏறியபோது, போதுமான கன்ட்ரி கூறுகள் இல்லை என்று பில்போர்ட் அதைத் தூக்கியது. பாட்டு பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. கால்மேட்டிக் இயக்கிய அதன் காணொளியைப் பாருங்கள். 1889. குதிரையில் தப்பி வரும் கறுப்பின கவ்பாய் ஒரு வீட்டில் ஒதுங்கப் பார்க்கிறான். போன முறை இங்கே வெளியாட்களை வரவேற்கவில்லையே என்று தயங்குகிறான். கூட வந்த வெள்ளையர் தைரியம் சொல்கிறார். அடுத்த கணம் துப்பாக்கி வெடிக்கிறது. ஓடி ஒரு சுரங்கத்தில் விழுந்து, நம் காலத்துக் கறுப்பினக் குடியிருப்பில் வந்து விழுகிறான். சின்ன ஊர், வெளியாள், துப்பாக்கி. நான்கு ஆண்டு கழித்து ஆல்டீன் மீசையை முறுக்கிக்கொண்டு பாடிய அதே விஷயம். இங்கே ஒரு நகைச்சுவைத் துணுக்காக, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. யாருடைய மேக்கிங் உயர்ந்தது? எனக்கு இதில் குழப்பமே இல்லை.

இன்னொரு கூட்டத்தோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. 'கன்ட்ரி என்றாலே பட்டிக்காட்டு நிறவெறியர்களின் குப்பை' என்று மூக்கைச் சுளிக்கும் முற்போக்கு நண்பர்கள். ஹில்பில்லி என்பது மலைநாட்டு வெள்ளை ஏழையைக் கேவலப்படுத்த நகரத்தான் வைத்த பெயர். அந்த ஏழைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1921இல் மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலையில், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, கறுப்பரும் வெள்ளையரும் புலம்பெயர்ந்தோருமாகச் சுமார் 10,000 சுரங்கத் தொழிலாளர்கள் நிலக்கரி முதலாளிகளின் கூலிப்படையை எதிர்த்து ஆயுதத்தோடு நின்றார்கள். சிவப்புத் துணி, கரி படிந்த முகங்கள், மலைச்சரிவு. ஒரு இயக்குநருக்கு இதைவிட என்ன காட்சி வேண்டும்? நாஷ்வில்லின் ட்ரோன்கள் அந்தப் பக்கம் பறப்பதில்லை. அந்த மக்களிடமிருந்து தொப்பியையும் டிரக்கையும் எடுத்துக்கொண்டார்கள். போராட்டத்தை விட்டுவிட்டார்கள்.

பறக்கவைத்தவரும் உண்டு. ஆல்டீன் காணொளி வந்து இரண்டே வாரத்தில், அதே 2023 ஜூலையில், கென்டக்கிக்காரரான டைலர் சைல்டர்ஸ் 'இன் யுவர் லவ்' காணொளியை வெளியிட்டார். கதை எழுதியவர் அதே மாநிலத்து எழுத்தாளர் சைலஸ் ஹவுஸ். 1950களின் அப்பலாச்சிய மலைநாடு. இரண்டு சுரங்கத் தொழிலாளர்கள், இருவரும் ஆண்கள், காதலிக்கிறார்கள். அடிபடுகிறார்கள். சுரங்கத்தை விட்டு விவசாயத்துக்குப் போகிறார்கள். ஒருவர் இருமத் தொடங்குகிறார். கரித்தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது. இங்கேயும் சின்ன ஊர்தான், மண்தான், சாயங்கால வெயில்தான். ஆனால் அந்த வெயிலில் இரண்டு மனிதர்கள் நிற்கிறார்கள், அவர்களுக்கு வேலை இருக்கிறது, வேலையால் வந்த நோய் இருக்கிறது. ஊரின் கொடுமையும் ஊரின் மீதான பாசமும் ஒரே சட்டகத்தில் வருகின்றன. ஊரை நேசிப்பவன் எடுத்த படம் இப்படித்தான் இருக்கும். அடுத்த ஆண்டு கிராமியில் சிறந்த இசைக் காணொளிக்கான பரிந்துரைப் பட்டியலில் இது இருந்தது.

பார்த்தல் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு பழைய உதாரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மார்க் ரோமானெக் இயக்கிய ஜானி கேஷின் 'ஹர்ட்'. பாட்டு ட்ரென்ட் ரெஸ்னருடையது. கேஷின் வீட்டிலும், மூடிக்கிடந்த அவருடைய அருங்காட்சியகத்திலும் எடுத்தார்கள். தூசியை யாரும் துடைக்கவில்லை. பெரிய கலைஞரின் நினைவிடம் பாழாகிக் கிடக்கிறது, கேமரா அதை அப்படியே பார்க்கிறது. நடுங்கும் கை மேசையில் ஒயினைக் கவிழ்க்கிறது. இளமைக் காலக் காட்சிகள் இடையில் வந்து போகின்றன. பின்னால் படிக்கட்டில் மனைவி ஜூன் கார்ட்டர் நின்று கணவரைப் பார்க்கிறார். 1927இல் பிரிஸ்டலில் பாடிய கார்ட்டர் குடும்பத்து மேபெல்லின் மகள். அந்த முகத்தில் இருக்கும் கவலை நடிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கன்ட்ரி வானொலிகள் கேஷை ஓரங்கட்டி வெகுகாலம் ஆகியிருந்தது. 1998இல் அவர் ஆல்பம் கிராமி வென்றபோது, நாஷ்வில் பெரிய மனிதர்களுக்கும் கன்ட்ரி வானொலிக்கும் நன்றி சொல்லி, அவர் நடுவிரலைக் காட்டும் படத்தோடு பில்போர்ட் இதழில் முழுப்பக்க விளம்பரமே வந்தது. 2003 மே மாதம் ஜூன் இறந்தார். செப்டம்பரில் ஜானியும் போய்ச் சேர்ந்தார். நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கம் 'ஹர்ட்'டை ஆண்டின் சிறந்த காணொளி என்று அறிவித்தது.