திறந்த நூலகமும் தேடக் கிடைக்காத பெயர்களும்

இயற்கை வரலாற்று நூல்கள் எல்லார்க்கும் திறந்துவிடப்பட்டன என்று மகிழ்வது இந்தியக் கருத்தரங்குகளில் ஏறத்தாழ ஒரு சடங்காகிவிட்டது. பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரியின் முகப்பு திரையில் காட்டப்படும். 6 கோடிக்கு மேற்பட்ட பக்கங்கள் இலவசம் என்று சொல்லப்படும். கைதட்டலோடு அமர்வு முடியும். மகிழ்ச்சியில் பிழையில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பழைய இதழ்களும், சென்னை மாகாணத் தாவரங்கள் பற்றிய கேம்பிளின் நூலும் சில பெரிய நூலகங்களின் அலமாரிகளில் மட்டுமே இருந்த காலத்தை அறிந்தவர் எவரும் அம்முயற்சியைக் குறைத்துப் பேசமாட்டார். ஆயினும் நூல் திறந்திருப்பது ஒன்று. நூலில் உள்ளது தேடுவோர் கைக்கு எட்டுவது வேறொன்று.

'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' இதற்குத் தக்க சான்று. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுக்க, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. தாவரங்களின் பெயரையும் பயனையும் சொன்னவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். உடன் உழைத்தோர் ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் கொங்கணி அந்தணர் மூவர். படங்களில் தாவரத்தின் பெயர் ரோமன், மலையாளம், அரபி, நாகரி எழுத்துகளில் செதுக்கப்பட்டிருக்கிறது. லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இப்படங்களைப் பார்த்தே பல இனங்களுக்குப் பெயரிட்டார். ஏலக்காயின் பேரினப் பெயரான 'எலெட்டாரியா' இந்நூலின் 'ஏலத்தரி'யிலிருந்து பிறந்தது.

அத்தொகுதிகள் இன்று மின்னூலகத்தில் உள்ளன. அதன் பெயர்கண்டறியும் மென்பொருள் ஒவ்வொரு பக்கத்திலும் இலத்தீன் பெயர்களைத் தேடிப் பட்டியலிடுகிறது. படத்தில் செதுக்கிய மலையாள எழுத்தோ அதற்கு இலைநரம்பு போன்ற இன்னொரு கோடுதான். ரோமன் வடிவங்களையேனும் முழுவுரைத் தேடலில் பிடிக்கலாமே எனலாம். பிடித்துப் பார்க்கட்டும். காலனியக் கால நூல்களில் லகரமும் ளகரமும் ஒரே ரோமன் எழுத்தில் அடங்கும்போது புளிக்கும் புலிக்கும் வேறுபாடு இல்லை. வாழையின் ழகரத்தை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எழுதினர். தேங்காய்க்கு வான் ரீடு தரும் ரோமன் வடிவத்தைக் கொண்டு, அங்கே ஒலித்தது 'ங்க'வா இரட்டித்த 'ங்ங'வா என்று சொல்ல இயலாது. மலையாள எழுத்து அதைச் சொல்லும். பதினேழாம் நூற்றாண்டுப் பேச்சுக்கு இத்தகைய சான்று வேறு எத்தனை இடங்களில் கிடைக்கும்?

வட்டாரப் பெயர்கள் நிலையற்றவை, அதனால்தான் அறிவியல் இலத்தீனை நாடியது என்பது வகைப்பாட்டியலாரின் வழக்கமான மறுமொழி. கருவேலத்தைக் கேட்டால் தெரியும். 1753இல் மிமோசா; பிறகு அகேசியா அரபிகா; பிறகு அகேசியா நிலோட்டிகா; அகேசியா என்ற பெயரை ஆஸ்திரேலிய இனங்களுக்கு ஒதுக்கிய 2005, 2011ஆம் ஆண்டு மாநாடுகளுக்குப் பின் வச்செல்லியா. இத்தனை காலமும் அது தமிழில் கருவேலமாகவே இருந்தது. மாறிய இலத்தீன் பெயர்களைக் கோத்து வைக்கத் தரவுத்தளங்கள் பல உண்டு; மாறாத பெயருக்கு ஒரு வரியும் இல்லை.

குறையை அயல்நாட்டு நூலகர்கள் மேல் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. அவர்கள் தமக்குத் தெரிந்த மொழியில் தேடும் கருவியைச் செய்தார்கள். தம் மொழிக்கான கருவியைச் செய்யாதிருப்பவை இங்குள்ள மொழியியல் துறைகளும் மொழித் துறைகளும்தாம். தாவரப் பெயர் என்றால் மொழியியலார் அதைத் தாவரவியலிடம் தள்ளுகின்றனர்; தாவரவியலார் மொழியியலிடம் தள்ளுகின்றனர். கே. எஸ். மணிலால் என்ற தாவரவியலர் பல்லாண்டு உழைத்து வான் ரீடின் நூலை 2003இல் ஆங்கிலத்திலும் 2008இல் மலையாளத்திலும் கொண்டுவந்தார். இரண்டையும் கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அவ்வுழைப்பு அச்சில் இருக்கிறது. மின்னூலகத்தின் தேடுபெட்டி அதை அறியாது. படத்தின் எண், அதில் உள்ள எழுத்துகளின் படி, இன்றைய வழக்குப் பெயர், இன்றைய இலத்தீன் பெயர் என நான்கு நிரல்கள் கொண்ட ஓர் அட்டவணை போதும். முதுகலை மாணவர் சிலர் இரண்டு பருவங்களில் முடிக்கக்கூடிய வேலை. மேற்கோள் எண்ணிக்கைக்கு உதவாது என்பதால் எந்தத் துறையும் அதைத் தலைப்பாகத் தருவதில்லை.

அயலார் செலவில் கிடைக்கும் இலவசம் என்றைக்கும் நீடிக்கும் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருக்கிறது. அம்மின்னூலகத்தின் நிர்வாகத்தைப் பல்லாண்டு தாங்கிவந்த ஸ்மித்சோனியன் நிறுவனம், 2026 தொடக்கத்தோடு அப்பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது. கூட்டாளி நூலகங்கள் வேறு வழி தேடின. அத்தேடலில் தங்கள் பங்கு என்ன என்ற கேள்வி இந்தியப் பல்கலைக்கழக நூலகங்களின் வாயிலிலும் நிற்கிறது.

ஹோர்த்துஸின் முதல் தொகுதியில் இட்டி அச்சுதன் தம் கைப்படக் கோலெழுத்தில் எழுதிய சான்றிதழ் அச்சாகியிருக்கிறது. பக்கம் எவருக்கும் திறந்திருக்கிறது. அதை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த மாணவர் தங்கள் துறையில் எத்தனை பேர் என்று துறைத்தலைவர்கள் கணக்கெடுக்கலாம்.