சாவி யார் கையில்?

ஒரு கம்பெனியை முடக்க இப்போதெல்லாம் மறியலோ வேலைநிறுத்தமோ வேண்டியதில்லை. நயாரா எனர்ஜி ஊழியர்கள் 2025 ஜூலை 22 அன்று இதைத் தெரிந்துகொண்டார்கள். குஜராத்தில் வாடினார் என்ற இடத்தில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை அவர்களுடையது. நாடெங்கும் 6,000-க்கு மேற்பட்ட பெட்ரோல் பங்குகள் அவர்கள் பெயரில் இயங்குகின்றன. அன்று அவர்களால் அலுவலக ஈமெயிலைத் திறக்க முடியவில்லை. கரண்ட் இருந்தது. கம்ப்யூட்டர் ஓடியது. சந்தாவும் கட்டியாகிவிட்டது. ஆனால் மைக்ரோசாஃப்ட் பூட்டிவிட்டது.

காரணம் ஆலைக்குள் இல்லை. நயாராவில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனத்துக்கு 49.13 சதவீதப் பங்கு. உக்ரைன் போருக்காக ரஷ்யாமீது தடைகளை அடுக்கிவந்த ஐரோப்பிய யூனியன், ஜூலை 18 அன்று வெளியிட்ட பட்டியலில் வாடினார் ஆலையையும் சேர்த்தது. இப்படிப்பட்ட ஒருதலைப்பட்சமான தடைகளை இந்தியா ஏற்பதில்லை என்று நமது வெளியுறவு அமைச்சகம் அன்றே சொன்னது. ஆனாலும் நான்கே நாட்களில் கதவு சாத்தப்பட்டது. தடை ஐரோப்பாவுடையது, கம்பெனி அமெரிக்காவுடையது, முடங்கியது இந்திய ஆலையின் ஊழியர்கள்.

நயாரா டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. முழுப் பணமும் கட்டி வாங்கிய உரிமங்கள் கையில் இருந்தும், தன் சொந்தத் தகவல்களையே தான் பார்க்க முடியவில்லை என்பது அதன் புகார். ஜூலை 30-ல் சேவை திரும்பி வந்தது. இடைப்பட்ட நாட்களில் ரெடிஃப் ஈமெயிலை வைத்துச் சமாளித்தார்கள்.

‘பெரிய இடத்துச் சண்டை, நமக்கென்ன?’ என்று பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். நானும் அப்படித்தான் புரட்டியிருப்பேன், என்னிடம் ஒரு சி.டி. இல்லாதிருந்தால்.

2004-ம் ஆண்டு. தமிழ் எம்.ஏ. முடித்து, பத்திரிகை ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்திருந்த காலம். பகலில் செய்திகளை மொழிபெயர்ப்பேன். இரவில் எனக்காக மலையாளச் சிறுகதைகள். மொத்தம் 14 கதைகள். எங்கள் டி.டி.பி. அறையில் இருந்த தமிழ் சாஃப்ட்வேரில்தான் அவற்றை அடித்தோம். அந்த சாஃப்ட்வேர் வேலை செய்ய வேண்டுமானால் கம்ப்யூட்டரின் பின்னால் ‘டாங்கிள்’ என்ற சிறு பெட்டியைச் செருக வேண்டும். பெட்டி இல்லையென்றால் எழுத்து இல்லை. இரவில் வீட்டுக்குப் போகும்போது டி.டி.பி. ஆபரேட்டர் அதைக் கழற்றி மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவார். “தம்பி, இது காணாமப் போச்சுன்னா பத்திரிகையே வராது” என்பார். அதை ஜோக்காக எடுத்துக்கொண்டேன்.

14 கதைகளில் 9 பத்திரிகைகளில் வந்தன. மீதி 5 சி.டி.யில் தங்கிவிட்டன. கைப்பிரதியைப் பழைய பேப்பர்காரர் எடுத்துப் போனார். கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்ற தைரியம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிப்பாளர் தொகுப்பாகப் போடலாம் என்றார். சி.டி.யைப் போட்டேன். ஃபைல் திறந்தது. உள்ளே தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் டாலர் குறிகளும் அடைப்புக்குறிகளுமாக ஏதோ ஓடியது. சாஃப்ட்வேரை விற்ற கம்பெனி எப்போதோ மூடப்பட்டுவிட்டது. டாங்கிளைச் செருக இன்றைய கம்ப்யூட்டரில் துளையே கிடையாது.

என்ன நடந்தது என்பது அந்தக் காலத்து டி.டி.பி.காரர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் எழுத்துகளை எண்களாகத்தான் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பதை அன்று ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டது. ஒருவருடைய ‘க’ இன்னொருவருக்கு ‘ழ’. விசைப்பலகையும் அப்படியே. சாஃப்ட்வேர் மாறினால் ஆபரேட்டரின் விரல்கள் மறுபடி ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு விசைப்பலகையையும் குறியீட்டையும் தரப்படுத்தியது. 2010-ல் உலகப் பொதுவான யூனிகோடை அரசு ஏற்றது. பல அச்சகங்களும் பத்திரிகைகளும் மாறியது அதற்கும் பிறகுதான். அதற்குள் பல ஆயிரம் பக்கங்கள் தனியார் எண்களுக்குள் சிக்கிக்கொண்டன.

நான் எழுதிய வரிகள்தான். ஆனால் படிக்கும் சாவி என்னிடம் இல்லை. வாடினார் ஆலையின் புகாரும் இதே வாக்கியம்தான். அளவுதான் வேறு.

இந்தக் கதையை முதலில் சொன்னவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரின்டரைக் கொடுத்தது. அதில் அடிக்கடி பேப்பர் சிக்கும். பழைய பிரின்டரில் சிக்கினால் உடனே எல்லோருக்கும் தகவல் போகும்படி சாஃப்ட்வேரைத் திருத்தி வைத்திருந்தார் ஸ்டால்மன். புதியதில் அது முடியவில்லை. காரணம், சாஃப்ட்வேரின் மூல நிரலைக் கம்பெனி தரவில்லை. அது வைத்திருந்த ஒரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். சிக்கிய பேப்பர் ஒரு இயக்கமாக வளர்ந்தது. 1983-ல் ஸ்டால்மன் ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். சாஃப்ட்வேரை எதற்கும் பயன்படுத்தும் உரிமை, உள்ளே பார்த்துத் திருத்தும் உரிமை, நகல் கொடுக்கும் உரிமை, திருத்தியதையும் கொடுக்கும் உரிமை என்ற நான்கும் பயன்படுத்துபவருக்கு வேண்டும் என்றார். விலை அவருடைய பிரச்சினை அல்ல. விற்றுக்கொள்ளுங்கள், ஆனால் பூட்டாதீர்கள் என்பதுதான் வாதம்.

அன்று இதை ஒரு பிடிவாதக்காரரின் புலம்பல் என்று நினைத்தவர்கள் உண்டு. 2009 ஜூலையில் அவர்களில் சிலராவது யோசித்திருப்பார்கள். அமேசானின் கிண்டில் கருவியில் காசு கொடுத்து வாங்கிய இரண்டு புத்தகங்கள் வாசகர்களின் கையிலிருந்தே மாயமாயின. அவற்றை விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்று தெரிந்ததும் அமேசான் தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. பணம் திரும்பி வந்தது. அழிந்த புத்தகங்களில் ஒன்று, நம் பீகாரின் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’. வேண்டாத காகிதங்களை அரசு நெருப்பில் போட்டு அழிக்கும் நாவல் அது. அமெரிக்கப் பள்ளி மாணவர் ஒருவர் வழக்குப் போட்டார். பாடத்துக்காக அவர் எடுத்து வைத்திருந்த குறிப்புகள், புத்தகம் போனதும் பயனற்றுப் போய்விட்டன. புத்தகம் கம்பெனியுடையது என்றே வைத்துக்கொள்வோம். குறிப்பு யாருடையது? தலைமை அதிகாரி ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார், வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆனால் அழிக்கும் வசதி இருக்கிறது என்பது உலகத்துக்குத் தெரிந்துவிட்டது.

நயாராவுக்கு வக்கீல்கள் இருந்தார்கள். எட்டே நாளில் கதவு திறந்தது. மதிய வெயிலில் சாப்பாட்டுப் பொட்டலத்துடன் நிற்கும் டெலிவரி பையனுக்கு யார் இருக்கிறார்கள்? அவனுடைய ஐ.டி.யை ஆப் முடக்கினால் அன்றைக்கே வேலை போயிற்று. மேனேஜர் முகம்கூடத் தெரியாது. எந்தக் கணக்கில் முடக்கினார்கள் என்பது ஆப்பின் உள்ளே இருக்கிறது. உள்ளே பார்க்க அவனுக்கு அனுமதி இல்லை. கர்நாடக அரசு 2025-ல் கொண்டுவந்த சட்டம், இப்படிப்பட்ட தொழிலாளியை நீக்க 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்து மூலம் காரணமும் வேண்டும் என்கிறது. ராஜஸ்தான் 2023-லேயே இவர்களுக்காக ஒரு சட்டம் இயற்றியது. பூட்டுவதற்கு முன் காரணம் சொல் என்பது எவ்வளவு சின்னக் கோரிக்கை! அதற்கே சட்டம் தேவைப்படுகிறது.

நயாரா விவகாரத்துக்குப் பிறகு டெல்லியில் சுதேசிக் குரல் பலமாகக் கேட்டது. மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2025 செப்டம்பரில் தன் ஆவணங்களை ஜோஹோவுக்கு மாற்றிக்கொண்டதாக அறிவித்தார். உள்துறை அமைச்சர் அமித் ஷா அக்டோபரில் ஈமெயிலை மாற்றிக்கொண்டார். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் ஈமெயில் ஜோஹோ அமைத்த தளத்துக்குப் போனதாகச் செய்தி வந்தது. தமிழ்நாட்டில் வேர்விட்டு, தென்காசியில் அலுவலகம் வைத்து கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேலை தந்த கம்பெனி என்பதில் நமக்கும் பெருமைதான்.

பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். வெளிநாட்டு அரசு சொன்னதற்காக நம் அலுவலகத்தை மூட முடியாது என்ற வரையில் சுதேசி லாபம். ஆனால் என் ஐந்து கதைகளை விழுங்கியது அமெரிக்க கம்பெனி அல்ல. சுத்தமான உள்ளூர்க் கம்பெனி. அவர்களுக்கு என்மீது பகை எதுவும் இல்லை, வியாபாரம் நொடித்தது, கடையை மூடினார்கள். இன்று நல்லவராக இருக்கும் முதலாளி நாளை கம்பெனியை விற்கலாம். விலையை மூன்று மடங்காக்கலாம். வெளிநாட்டுக்காரன் கையில் இருந்த சாவி உள்ளூர்க்காரன் கைக்கு மாறியிருக்கிறது. நம் கைக்கு வரவில்லை. சுதேசி வேறு, சுதந்திரம் வேறு.

இந்த வித்தியாசம் அரசுக்குத் தெரியாததல்ல. அரசு ஆவணங்கள் எவரும் பயன்படுத்தக்கூடிய திறந்த தரத்தில் இருக்க வேண்டும் என்று 2010-லேயே மத்திய அரசு கொள்கை வகுத்தது. மூல நிரல் திறந்த சாஃப்ட்வேருக்கே முன்னுரிமை, அதை எடுக்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்று 2015-ல் இன்னொரு கொள்கை வந்தது. இரண்டும் நல்ல கொள்கைகள். அமைச்சர்கள் எந்தக் கம்பெனிக்கு மாறினார்கள் என்பதற்குக் கிடைத்த கைதட்டலில் பாதியாவது இவற்றுக்குக் கிடைத்திருக்கலாம்.

பக்கத்துக் கேரளம் கொள்கையோடு நிற்கவில்லை. அங்கே அரசுப் பள்ளிகளில் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே கம்ப்யூட்டர் பாடம் சுதந்திர சாஃப்ட்வேருக்கு மாறியது. ஆசிரியர்களே பயிற்சி பெற்று, பாடத்துக்கு ஏற்ப அதைத் திருத்தி வகுப்பில் ஓட்டினார்கள். ஆட்சிகள் மாறின, திட்டம் மாறவில்லை. ஏழை மாநிலம் காசு மிச்சம் பிடித்த கதையாக மட்டும் இதைச் சொல்வார்கள். அது பாதிதான். பெட்டியைத் திறந்து பார்க்கலாம், உடைந்தால் நாமே சரி செய்யலாம் என்று ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது மறுபாதி.

திறந்து பார்ப்பதன் பயனை நான் கண்ணால் பார்த்தேன். பழைய எழுத்துருக்களை யூனிகோடுக்கு மாற்றும் நிரல்கள் சிலவற்றைத் தன்னார்வலர்கள் இலவசமாகத் தந்திருக்கிறார்கள். எங்கள் டி.டி.பி. எழுத்துரு மட்டும் நான் பார்த்த எதிலும் இல்லை. எதிர்வீட்டுக் கல்லூரி மாணவனிடம் புலம்பினேன். “இதோட மூல நிரல் திறந்துதான் இருக்கு சார். நம்ம எழுத்துருவையும் சேர்த்துடலாம். ஆனா எந்தக் குறிக்கு எந்த எழுத்துன்னு தெரியணுமே?” என்றான். அச்சில் வந்த 9 கதைகள் பைண்டு செய்து வீட்டில் இருந்தன. அச்சில் இருக்கும் வரியையும் ஃபைலில் இருக்கும் கிறுக்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பட்டியல் போட்டோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. மூன்றாவது வாரம் மாலையில் அச்சேறாத ஐந்தில் முதல் கதை திரையில் தமிழாக வந்தது. ‘ஔ’ வரவேண்டிய இடங்களில் மட்டும் கட்டம் கட்டமாக நின்றது. ஐந்து கதைகளில் நான்கு கிடைத்துவிட்டன. ஐந்தாவது, சி.டி.யில் விழுந்த கீறலோடு போயிற்று. அதற்கு எந்த கம்பெனியையும் குறை சொல்ல முடியாது.

பழைய ஆபரேட்டருக்கு போன் செய்து சொன்னேன். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். “அண்ணே, டாங்கிள் இல்லாமலே திறந்துட்டோம்” என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். “அதை இன்னும் பூட்டித்தான் வச்சிருக்கேன் தம்பி” என்றார்.

எல்லோரும் நாளைக்கே எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு மாறுங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் அலுவலகத்தில் கொடுத்த சாஃப்ட்வேரில்தான் நானும் வேலை செய்கிறேன். ஆனால் அரசு அலுவலகமோ பள்ளிக்கூடமோ புத்தகக் கடையோ, புதிதாக ஒன்றை வாங்குகிறவர்கள் விலையோடு இன்னும் மூன்று கேள்விகள் கேட்கலாம். நான் எழுதியதை இன்னொரு சாஃப்ட்வேரில் திறக்க முடியுமா? விட்டுப் போக நினைத்தால் என் தகவல் முழுவதையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா? நீங்கள் கடையை மூடினாலும் இது ஓடுமா?

வாடகை வீட்டுக்குக் குடிபோகும்போதுகூட அட்வான்ஸ் திரும்பி வருமா என்று கேட்டுவிட்டுத்தானே போகிறோம்.