பணம் கொடுப்பவரே தீர்ப்பும் சொல்கிறார்

அமெரிக்காவில் நோயாலோ விபத்தாலோ வேலைக்குப் போக முடியாதவருக்கு, அவருடைய நிறுவனம் எடுத்துத் தந்த நீண்டகால இயலாமைக் காப்பீடு வழக்கமாகச் சம்பளத்தில் 60 சதவீதம் அளவுக்குக் கொடுக்கும். மறுத்தால்? நீதிமன்றம் இருக்கிறதே என்று நினைப்போம். சிக்கலே அங்கேதான்.

ஸ்டூட்பேக்கர் கார் ஆலை 1963-இல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் ஓய்வூதியம் பறிபோனது. அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாக 1974-இல் வந்ததுதான் ஓய்வூதியத்தைக் காக்கும் எரிசா சட்டம். நிறுவனங்கள் தரும் காப்பீட்டையும் அது தன் வரம்புக்குள் இழுத்துக்கொண்டது. விளைவு, காப்பீட்டாளர்களைத் தட்டிக்கேட்கும் மாநிலச் சட்டங்கள் பல அங்கே செல்லாமல் போயின. வேண்டுமென்றே மறுத்தார்கள் என்று நிரூபித்தாலும் தண்டனைத் தொகை கிடையாது; முதலிலேயே தந்திருக்க வேண்டிய பணம்தான் வரும், கூடிப்போனால் வட்டியும் வக்கீல் செலவும். மறுத்துப் பார்ப்பதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

முடிவெடுக்கும் அதிகாரம் காப்பீட்டாளருக்கே என்று ஆவணத்தில் ஒரு வரி இருந்தால் போதும்; முடிவு சரிதானா என்று நீதிபதி புதிதாக ஆராய மாட்டார், அடாவடியானதா என்று மட்டுமே பார்ப்பார். 1989-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஃபயர்ஸ்டோன் வழக்கு திறந்துவிட்ட வழி இது.

2008-இல் அதே நீதிமன்றம் தீர்த்த, மெட்லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கைப் பாருங்கள். இதய நோயாளியான ஒரு பெண் ஊழியரை, அரசின் சமூகப் பாதுகாப்பு உதவிக்கு விண்ணப்பிக்கத் தூண்டியது மெட்லைஃப்தான். அவரால் எந்த வேலையும் செய்ய முடியாது என்று அரசு ஏற்றது. அரசு தந்த நிலுவைத் தொகையில் முக்கால் பங்கு மெட்லைஃபுக்கும் மிச்சம் வக்கீல்களுக்கும் போனது. அவர் கையில் ஒன்றும் தங்கவில்லை. 24 மாதம் முடிந்து, தன் வேலை மட்டுமல்ல, ‘எந்த வேலையும் முடியாது’ என்று காப்பீட்டாளரிடம் காட்ட வேண்டிய கட்டம் வந்ததும், உட்கார்ந்து பார்க்கும் வேலை செய்யலாமே என்று அதே நிறுவனம் பணத்தை நிறுத்தியது. அந்தப் பெண் வென்றார். ஆனால் பணம் கொடுப்பவரே தீர்மானிக்கும் முரண்பாட்டை, கணக்கில் கொள்ள வேண்டிய அம்சங்களில் ஒன்று என்பதோடு நீதிமன்றம் விட்டுவிட்டது.

மறுப்புக் கடிதம் வந்தபின் காப்பீட்டாளரிடமே முறையிட 180 நாள். பலர் ஒரு பக்கக் கடிதம் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் நீதிபதி பார்ப்பது அப்போது சேர்ந்த கோப்பை மட்டுமே. பிறகு கிடைக்கும் சான்று உள்ளே நுழைவது அரிது. மருத்துவரோ நோயின் பெயரை எழுதித் தருகிறார். எத்தனை மணி நேரம் உட்கார முடியும், எவ்வளவு தூக்க முடியும் என்பதை அல்லவா எழுத வேண்டும்! வலியும் களைப்பும் ஸ்கேனில் தெரியாதவர்கள் பாடு இன்னும் மோசம்.

கலிபோர்னியா உள்ளிட்ட சில மாநிலங்கள் முடிவெடுக்கும் அதிகாரம் காப்பீட்டாளருக்கே என்ற அந்த வாசகத்தைக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் தடைசெய்துவிட்டன. அமெரிக்க நாடாளுமன்றம் மனம் வைத்தால் நாடு முழுவதும் அதை நீக்கலாம். எரிசாவில் முதலில் திருத்த வேண்டியதும் அதுதான்.