முதுகு மேடிட்ட குட்டி ஆமை

நம் வீட்டு உயிர்கள்



பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் இம்முறை என் கைக்கு வந்தது. அதன் சுருக்கம் இது:

"என் மகனுக்கு வயது 11. பட்டணத்தில் வேலை செய்யும் என் தம்பி, சென்ற தீபாவளிக்கு அவனுக்கு ஓர் ஆமைக் குட்டியைக் கொடுத்தான். ஆப்பிரிக்காவின் சுல்காத்தா ஆமையாம். உள்ளங்கை அளவுதான் இருந்தது. கண்ணாடித் தொட்டி, பழைய பத்திரிகை விரிப்பு, இரவு பகலாக எரியும் பல்பு எல்லாம் வைத்து மகன் அதை உயிராக வளர்க்கிறான். இப்போது அதன் முதுகில் சிறு சிறு மேடுகள் எழும்பியிருக்கின்றன. பூனைத் தீனி கொடுத்ததால் வந்த வினை என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். 'நான்தான் கெடுத்துட்டேனாம்மா?' என்று மகன் அழுகிறான். என் மாமியாரோ, ஆமை புகுந்த வீடு உருப்படாது, ஆற்றில் கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார். நான் என்ன செய்வது?"

சகோதரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அதை ஆற்றில் விடாதீர்கள். சுல்காத்தா தரையில் வாழும் ஆமை. அதன் காலைப் பாருங்கள். யானைக் கால் போல் உருண்டு தடித்திருக்கும். விரல்களுக்கிடையே நீந்தும் சவ்வு இராது. ஆழமான நீரில் விட்டால் மூழ்கிச் சாகும். ஆற்றில் விடுவது அதற்கு விடுதலை அன்று, மரண தண்டனை.

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. நான் சிறுமியாக இருந்தபோது, மழைக்குப் பின் ஈரக் காட்டிலிருந்து அப்பா ஒரு சிறிய ஆமையைக் கொண்டுவந்தார். ஆமை என்றால் தண்ணீர் என்று நினைத்து, மழைநீர் பிடிக்கும் தகரப் பீப்பாயில் போட்டோம். மறுநாள் காலை அது மிதந்தது. கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டு நானும் தங்கையும் அன்று பள்ளிக்கே போகவில்லை. அன்பு இருந்தது, விவரம் இல்லை. உங்கள் மகனிடம் அன்பு நிறைய இருக்கிறது. விவரத்தை நாம் கொடுப்போம்.

ஆமையின் ஓடு சட்டை போல் கழற்றி மாட்டுவது அன்று. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றாகி உண்டான எலும்புக் கூடு அது. அதன்மேல் நம் நகத்தைப் போன்ற பொருளால் ஆன தட்டுகள் பதிந்திருக்கின்றன. குட்டி வளரும்போது ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் புதிய வளையம் உண்டாகும். அந்தப் புது வளையம் ஈரப்பசையோடு வளர்ந்தால் ஓடு வழவழவென்று விரியும். காய்ந்து இறுகினால் பக்கவாட்டில் பரவ முடியாமல் தட்டுகள் கூம்பு கூம்பாக மேலெழும்பும். உங்கள் மகன் பார்த்த மேடுகள் அவைதாம்.

பூனைத் தீனியா காரணம்? இறைச்சியும் புரதமும்தான் ஓட்டை மேடாக்கும் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் இதே சுல்காத்தா குட்டிகளை வைத்து ஆஸ்திரியாவில் ஓர் ஆய்வு நடந்து, 2003-இல் வெளியாயிற்று. காற்றில் ஈரம் குறைவதே மேடுகளுக்குப் பெரிய காரணம், புரதத்தின் பங்கு சிறியதே என்று அதில் தெரிந்தது. இதற்காகப் பூனைத் தீனியைத் தொடர வேண்டாம். புல் தின்னும் பிராணிக்கு அது ஆகாது, சிறுநீரகத்துக்குக் கெடுதல். ஆனால் குற்றத்தை எல்லாம் அதன் தலையில் கட்ட வேண்டாம்.

'நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்?' என்று நீங்கள் கேட்கலாம். வெளியே பஞ்சமில்லை, கண்ணாடித் தொட்டிக்குள்தான் பஞ்சம். இரவு பகலாக எரியும் பல்பு உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. பத்திரிகைத் தாளோ காய்ந்த சருகு போல் கிடக்கிறது. ஆப்பிரிக்கப் பாலைவன ஓரத்துப் பிராணிக்கு வறட்சிதானே வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அங்கேயும் அது வெயிலில் சும்மா கிடப்பதில்லை. மண்ணைத் தோண்டி, ஈரமும் குளிர்ச்சியும் உள்ள வளைக்குள் பதுங்கித்தான் வளர்கிறது.

ஆகவே, தம்பி, இனி இப்படிச் செய்து பார்.

ஒரு பெரிய பேசினில் தேங்காய் மட்டைத் தூளை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பு. கையில் பிடித்தால் ஒட்ட வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. அவ்வளவு ஈரம் போதும். ஒரு மூலையில் பழைய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, வாசல் வெட்டி வை. அதுதான் அதன் வளை. உள்ளே தூள் எப்போதும் ஈரமாக இருக்கட்டும். ஈரம் என்றால் சேறு அன்று. சேறும் குளிரும் சேர்ந்தால் ஓடு அழுகும். மூக்கில் சளி நுரைக்கும். இரவில் மழை பெய்து குளிர்ந்தால் பேசினை வீட்டுக்குள் எடுத்து வை.

தினமும் காலையில், வெதுவெதுப்பான நீரில் 15 முதல் 20 நிமிடம் அதை ஊற வை. மேலோடும் அடியோடும் சேரும் இடம் வரை நீர் இருந்தால் போதும். தலை எப்போதும் நீருக்கு மேலே இருக்க வேண்டும். குட்டி அப்போது நன்றாகக் குடிக்கும், கழிவும் போகும். நீ பக்கத்திலேயே உட்கார்ந்திரு. பாதியில் பந்து விளையாடப் போய்விடாதே.

அடுத்தது வெயில். ஓடு கெட்டிப்படச் சுண்ணாம்புச் சத்து தேவை. அந்தச் சத்து உடம்பில் சேர வைட்டமின் டி தேவை. அதை உண்டாக்கும் கதிர் சூரிய ஒளியில் இருக்கிறது, ஆனால் கண்ணாடியைத் தாண்டி வராது. ஜன்னல் வெயில் சூட்டைத்தான் கொடுக்கும். காலை 9 மணி வாக்கில், வாசல் புல்தரையில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடு. பாதி இடத்தில் நிழல் இருக்கட்டும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிடங்களிலேயே வெந்துவிடும். காக்கை, நாய், குரங்கு, உடும்பு எல்லாம் நம் தோட்டத்தில் உண்டு. மேலே கம்பி வலை போட்டு மூடு.

தீனிக்கு அம்மாவின் காசு தேவையில்லை. முக்கால் பங்குக்கு மேல் புல்லும் களையுமாக இருக்கட்டும். செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, சர்க்கரைவள்ளி இலை நல்லவை. முருங்கைக் கீரையும் கங்கோங்கும் எப்போதாவது கொடு. பசலை வகைகள் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது, அதிகம் வேண்டாம். பழம் கொஞ்சமே போதும். சோறு, ரொட்டி, பால் கூடவே கூடாது. மரவள்ளி இலையிலும் அரளியிலும் நஞ்சு இருக்கிறது, கிட்டவே கொண்டுபோகாதே.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்று தனியாக ஓர் எச்சரிக்கை. செம்பனை நிரைகளிலும் சாலை ஓரங்களிலும் களைக்கொல்லி அடிக்கிறார்கள். பாராகுவாட் மருந்து 2020 முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆயினும் வேறு மருந்துகள் இருக்கின்றன. மருந்து அடித்த இடத்துப் புல் பச்சையாகத் தெரிந்தாலும் பறிக்காதே. எங்கே, எப்போது அடித்தார்கள் என்று மருந்தடிக்கும் அக்காமாரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு மலிவான வழி. மீன்காரரிடம் கேட்டு வாங்கி, உப்புப் போக நன்றாக ஊறவைத்துக் காயவைத்து, பேசினில் ஒரு துண்டு போட்டு வை. வேண்டியபோது கொறித்துக்கொள்ளும்.

சகோதரி, ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். முட்டையிலிருந்து வந்த முதல் சில மாதங்கள் ஓடு சற்று நெகிழ்வாக இருப்பது இயல்பு. கெட்டிப்பட்ட ஓடு மறுபடி அமுங்கினாலோ, நடக்கும்போது உடம்பைத் தரையிலிருந்து தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு போனாலோ, கைவைத்தியம் செய்யாமல் ஆமை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுபோங்கள். ஆமையைத் தொட்ட ஒவ்வொரு முறையும் மகன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். ஆமையின் மேல் இருக்கும் கிருமி வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை. அது ஊறும் பாத்திரம் சமையலறைப் பக்கம் வரக்கூடாது.

மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எழும்பிய மேடு இனி அமுங்காது, தம்பி. உண்மையை மறைப்பது உனக்கு நான் செய்யும் உபகாரம் ஆகாது. ஆனால் சிறு மேடுகளால் அதற்கு வலி இல்லை. இனி உண்டாகும் வளையங்கள் சமமாக வளரும். குட்டி பெரிதாக ஆக, பழைய மேடு நடுவில் சிறிதாகத் தெரியும். வாரம் ஒரு முறை அம்மாவின் தராசில் நிறுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வை. நீ கெடுத்தது கொஞ்சம், அதுவும் தெரியாமல். இனி நீ வளர்க்கப் போவது ஏராளம்.

ஏராளம் என்று ஏன் சொன்னேன் தெரியுமா? சுல்காத்தா 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடியது. 50 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. இந்தத் தம்பி தாத்தா ஆகும்போதும் அது இருக்கலாம். பரிசு கொடுக்கும் மாமன்மார் இதை யோசித்துக் கொடுக்க வேண்டும். அது அனைத்துலக வாணிபக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இனமும் ஆகும். வாங்கிய சீட்டு இருக்கிறதா என்று உங்கள் தம்பியிடம் கேட்டு, உரிமம் பற்றிப் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். நாளை வளர்க்க முடியாமல் போனாலும் போய்க் கேட்க வேண்டிய இடம் அதுதான். ஆறோ கோயில் குளமோ அன்று. நம் காட்டு ஆமைகளில் பலவற்றைச் சட்டம் காக்கிறது. அவற்றைப் பிடித்து வந்து வளர்க்க வேண்டாம்.

கடைசியாக உங்கள் மாமியார். பெரியவர்களை எதிர்த்துப் பேசச் சொல்லமாட்டேன். ஆமையும் அமீனாவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது பழைய சொல். நல்லது, அவர் சொல்படியே நடக்கட்டும்! கண்ணாடித் தொட்டியை எடுத்துவிட்டு, பகலில் ஆமையை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். மழை இரவுகளுக்கு மட்டும் அவரிடம் அனுமதி கேட்டு உள்ளே ஒரு மூலை ஒதுக்குங்கள். அதற்கு வேண்டிய வெயிலும் புல்லும் வெளியேதானே இருக்கின்றன? கூர்மாவதாரம் என்று நாம் கும்பிடும் உருவம் அது என்பதையும் பாட்டியின் காதில் பேரனே மெல்லச் சொல்லட்டும். செம்பருத்திப் பூவைப் பாட்டியின் கையாலேயே ஊட்டச் சொல்லுங்கள். ஒருமுறை அது தலை நீட்டி வாங்கித் தின்றுவிட்டால், அப்புறம் அதை ஆற்றில் விட அவருக்கே மனம் வராது.

ஆறு மாதம் கழித்து, தராசுக் கணக்கோடு எனக்கு எழுதச் சொல்லுங்கள். காத்திருப்பேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.